ஏர் ஃப்ரையரில் குளூட்டன் இல்லாத சீஸ் உருளைக்கிழங்கு: என்ன தப்பானால் எங்கே பார்ப்பது

என் சின்ன மகளுக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் அவளுக்கு ஆகாது. அவள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பண்டம் சீஸ் உருளைக்கிழங்கு என்பதால், நான்கு வருடமாக வாரத்துக்கு ஒரு தடவையாவது ஏர் ஃப்ரையரில் அதைச் செய்கிறேன். அது கெட்டுப்போகிற வழிகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிட்டேன். திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகளை, கண்ணில் படும் அறிகுறியை வைத்துக் கீழே பிரித்திருக்கிறேன். உங்களுக்கு வந்த அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில்.

## ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு

எது தப்பு என்று சொல்ல, சரியானது எது என்று ஒரு கணக்கு வேண்டும். நான் வைத்திருக்கும் கணக்கு இது.

உருளைக்கிழங்கு 500 கிராம், 2 செ.மீ துண்டுகளாக. குளிர்ந்த நீரில் 20 முதல் 30 நிமிடம் ஊறல். வடித்துத் துணியில் ஒற்றியெடுத்தபின் எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், அது முழுக்கப் படர்ந்ததும் கார்ன்ஃப்ளோர் அல்லது அரிசி மாவு 1 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். 200 டிகிரி செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம், நடுவில் இரண்டு முறை குலுக்கல். வெந்தபின் உள்ளே அடங்குகிற சின்னப் பேக்கிங் தட்டுக்கு மாற்றி, துருவிய சீஸ் 80 கிராம் போட்டு, 170 டிகிரியில் 2 அல்லது 3 நிமிடம்.

உங்கள் கருவி பெரியதோ சிறியதோ, நேரம் இரண்டு மூன்று நிமிடம் முன்பின் ஆகும். அதற்கு மேல் விலகினால் கீழே படியுங்கள்.

## வெளியே சிவந்துவிட்டது, உள்ளே வேகவில்லை

துண்டு பெரியது. பாதிப் பேருக்கு இதுதான். ஒரு துண்டு 2 செ.மீ, பக்கத்துத் துண்டு 4 செ.மீ என்றால் சின்னது கருகும்போது பெரியது பச்சையாக இருக்கும். எல்லாம் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னத் துண்டா பெரிய துண்டா என்பதைவிட, ஒன்றுபோல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

சூடு அதிகம். 200க்கு மேல் வைத்திருந்தால் 180க்கு இறக்கி 15 நிமிடம் வேகவிட்டு, கடைசி 5 நிமிடம் 200க்கு ஏற்றுங்கள்.

கிழங்கு ஃபிரிட்ஜில் இருந்தது. குளிரில் வைத்த கிழங்கில் ஸ்டார்ச்சின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். அந்தச் சர்க்கரை சீக்கிரம் சிவக்கும், உள்ளே வேகும் முன்பே மேல்தோல் கருத்துவிடும். பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளிச்சம் படாத, காற்றோட்டமான, குளுமையான இடம் போதும். வைத்துவிட்டீர்கள் என்றால் ஊறல் நேரத்தைக் கூட்டி, 180 டிகிரியில் நிதானமாக வேகவிடுங்கள்.

புளிப்பு முன்பே சேர்ந்துவிட்டது. எலுமிச்சைச் சாறு, வினிகர், தக்காளி, தயிர், சோர் கிரீம் இதில் எதில் புரட்டி வைத்தாலும் கிழங்கு மெதுவாகவே மிருதுவாகும். அமிலம் கிழங்கின் திசுவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எத்தனை நிமிடம் கூட்டினாலும் நடுவில் ஒரு கடிப்பு நிற்கிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். புளிப்பு எதுவானாலும் கிழங்கு வெந்தபிறகுதான்.

வெந்ததா என்று பார்க்க இருப்பதிலேயே பெரிய துண்டில் மெல்லிய கத்தி முனையை இறக்குங்கள். தடையில்லாமல் இறங்கி, துண்டு கத்தியோடு மேலே வராமல் நழுவி விழுந்தால் வெந்துவிட்டது. சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 96 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும்.

## வெந்துவிட்டது, ஆனால் மொறுமொறுப்பே இல்லை

அதிகம் வருகிற கோளாறு இது. ஏறக்குறைய எப்போதுமே காரணம் ஈரம்தான். அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

துடைத்தது போதவில்லை. ஊறிய கிழங்கை வடிகட்டியில் இரண்டு குலுக்கு குலுக்கி அப்படியே போட்டால், முதல் 8 நிமிடம் கருவி அந்தத் தண்ணீரை விரட்டுவதிலேயே போய்விடும். துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு அழுத்துங்கள். அப்புறம் துண்டுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஈரமான கிழங்கு விரலில் வழுக்கும், ஒரு மாதிரிக் கண்ணாடி போல மினுங்கும். காய்ந்தது மங்கலாக, விரலில் லேசாக உரசும். மினுக்கம் போகும்வரை ஒற்றுங்கள்.

கூடையில் நெரிசல். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று இரண்டு மூன்று அடுக்காகக் கிடந்தால் நடுவிலிருப்பவை ஆவியில் வேகும், வறுபடாது. பாதிக் கூடைக்கு மேல் போகாதீர்கள். ஆள் அதிகம் என்றால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்து 2 நிமிடம் சூடுகாட்டினால் எல்லோருக்கும் ஒரே சூட்டில் போடலாம்.

குலுக்கவில்லை. 7வது நிமிடம் ஒருமுறை, 13வது நிமிடம் ஒருமுறை. குலுக்கும்போது சத்தத்தையும் கேளுங்கள், நான் கண்ணைவிடக் காதைத்தான் நம்புகிறேன். 7வது நிமிடத்தில் துண்டுகள் கூடையில் ‘தொப் தொப்’ என்று விழும். 13வது நிமிடத்தில் சத்தம் கொஞ்சம் காய்ந்து வர வேண்டும். முடியும் தறுவாயில் கூழாங்கல்லை உலுக்கியது போல ‘கலகல’ என்று கேட்கும். 13வது நிமிடத்திலும் ‘தொப்’தான் என்றால் உள்ளே ஈரம் மிச்சம். இன்னும் 5 நிமிடம் தேவைப்படும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஊறவைக்கவே இல்லை. வெட்டிய முகத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டார்ச் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, மேல்தோலை வறட்டி போலத் தடிப்பாக்கும். ஊறல் தண்ணீர் பால் நிறத்தில் இருந்தால் அதைக் கொட்டிவிட்டு இன்னொரு அலசு.

காகிதம் கூடையை மூடிவிட்டது. பேக்கிங் காகிதம் முழுக்க விரித்தால் கீழிருந்து காற்று வராது. வறுக்கும்போது காகிதம் வேண்டாம். சீஸ் போடும் கட்டத்தில் மட்டும் தட்டோ காகிதமோ போதும்.

கிழங்கின் ரகம். மெழுகுத் தன்மையுள்ள, வெந்தாலும் உருக்குலையாத கிழங்கு சாலட்டுக்கு நல்லது, மொறுமொறுப்புக்குச் சுமார்தான். வெந்தால் மாவாக உதிர்கிற ரகத்தைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு வழி: 2 லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் உப்பும் போட்டுக் கொதிக்கவிட்டு, துண்டுகளை 5 நிமிடம் வேகவைத்து வடியுங்கள். அந்தப் பாத்திரத்திலேயே மூடி போட்டு நன்றாகக் குலுக்கினால் ஓரங்கள் மசிந்து சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்புதான் அப்புறம் மொறுமொறுப்பாக மாறுகிறது. 5 நிமிடம் சும்மா வைத்து ஆவி போனபின் எண்ணெய் சேருங்கள். இப்படிச் செய்தால் ஏர் ஃப்ரையரில் 14 நிமிடம் போதும்.

கருவி சொன்ன சூட்டுக்குப் போகவில்லை. மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் மெத்தென்றே வருகிறதா? ஓவன் வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்து, 200 டிகிரியில் 10 நிமிடம் காலியாக ஓடவிடுங்கள். 10, 15 டிகிரி குறைவு என்றால் அடுத்த முறை அந்த அளவு கூட்டி வையுங்கள். 40 டிகிரிக்கு மேல் குறைவு, அல்லது ஏறி ஏறி இறங்குகிறது என்றால் சூட்டை உணரும் பாகமோ சூடேற்றும் கம்பிச்சுருளோ தேய்ந்திருக்கும். கருவியைத் திறக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

## மேலே வெள்ளைத் திட்டுகள், பச்சை மாவு ருசி

குளூட்டன் இல்லாத மேல்பூச்சில் மட்டும் வருகிற சிக்கல். கார்ன்ஃப்ளோர், அரிசி மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் எதுவானாலும் அதைத் தொட எண்ணெயோ ஈரமோ வேண்டும். தொடாத மாவு ஏர் ஃப்ரையரில் வேகாது. பாதி காற்றோடு பறந்து மேலே ஒட்டும், மீதி வெள்ளையாகவே நிற்கும்.

வரிசை மாறியதா என்று பாருங்கள்: எண்ணெய் முதலில், மாவு பிறகு. மாவு போட்டுப் புரட்டியதும் பாத்திரத்தின் அடியில் உலர்ந்த மாவு கிடந்தால் மாவு அதிகம். ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தால், குலுக்கும் நேரத்தில் வெள்ளையாக இருக்கும் இடங்களில் பிரஷ்ஷால் துளி எண்ணெய் தொட்டுவிடுங்கள், பொன்னிறமாகிவிடும்.

தெளிப்பு எண்ணெய் வாங்குபவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். டப்பாவில் அடைத்து வருகிறவற்றில் லெசித்தின் போன்றவை சேர்ந்திருக்கும். அவை கூடையின் ஒட்டாத பூச்சில் பிசினாகப் படிந்து, நாளடைவில் பூச்சைக் கெடுக்கும். இன்னொன்று இதைவிட முக்கியம்: ‘பேக்கிங் ஸ்பிரே’ என்று விற்பதில் சில, எண்ணெயோடு கோதுமை மாவையும் கலந்தவை. சீலியாக் உள்ள வீட்டில் அதற்கு இடமே இல்லை. சாதாரணத் தெளிப்பு பாட்டிலில் வீட்டு எண்ணெயை ஊற்றி வைத்தால் இரண்டு கவலையும் தீர்ந்தது.

## சீஸ் சரியாக வரவில்லை

### கருகிவிட்டது

முன்பே போட்டுவிட்டீர்கள். ஓவனில் 20 நிமிடம் தாங்குகிற சீஸ் இங்கே 5 நிமிடம்கூடத் தாங்காது, ஏனென்றால் கம்பிச்சுருள் ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது, விசிறி வேறு சூட்டை நேராக மேலே அடிக்கிறது. கிழங்கு முழுக்க வெந்தபின், 170 டிகிரி, 2 நிமிடம். திறந்து பாருங்கள். போதாவிட்டால் இன்னும் 1 நிமிடம். பூண்டுப் பொடி, மிளகாய்ப் பொடி போட்டிருந்தால் கருகல் சீஸா பொடியா என்று பிரித்துப் பாருங்கள். பொடிகள் 200 டிகிரியில் 20 நிமிடம் தாங்காமல் கசக்கும், அவற்றையும் கடைசியில் சேர்ப்பதுதான் சரி.

### பறந்துவிட்டது

உள்ளே திறந்தால் கிழங்கில் சீஸ் இல்லை, பக்கச் சுவரில் இருக்கிறது. மெல்லிய துருவல் விசிறிக் காற்றுக்குத் தாளாது. தடித்த துருவலாக எடுங்கள், அல்லது துருவியதைச் சூடான கிழங்கோடு வெளியிலேயே கலந்து, கரண்டியால் அழுத்தி உள்ளே வையுங்கள். கிழங்கின் சூட்டிலேயே கொஞ்சம் இளகி ஒட்டிக்கொள்ளும். அப்படியும் பறந்தால் சீஸ் போட்டபின் கருவியை ஓட்டாமல், மூடிய நிலையில் 3 நிமிடம் சும்மா விடுங்கள். இருக்கும் சூடே உருக்கிவிடும், சிவப்பு மட்டும் வராது.

கருவியின் மேல்பக்கம் போய் ஒட்டிய சீஸை அப்படியே விடாதீர்கள். அடுத்த முறை புகையாக வரும்.

### எண்ணெய் பிரிந்து, கீழே ரப்பராகிவிட்டது

சூடு மிஞ்சியதன் அடையாளம். புரதம் இறுகிச் சுருங்கும்போது கொழுப்பு வெளியே வந்துவிடும். நாள்பட்ட செடாரில் இது சீக்கிரம் நடக்கும். செடாரின் ருசி வேண்டும், வழவழப்பும் வேண்டும் என்றால் பாதி செடார், பாதி ஈரம் குறைந்த மொசரெல்லா. ருசி முதலாவதிலிருந்தும், இழை இரண்டாவதிலிருந்தும் வரும். நான் அதிகம் செய்வது இந்தக் கலவைதான்.

### உருகவே இல்லை

பாக்கெட்டில் துருவி வருகிற சீஸில் இழைகள் ஒட்டாமலிருக்கச் செல்லுலோஸ் அல்லது ஸ்டார்ச் தூவியிருப்பார்கள். அது உருகுவதைத் தடுக்கும். கட்டியாக வாங்கி நீங்களே துருவினால் அன்றே வித்தியாசம் தெரியும். அந்த ஸ்டார்ச் பெரும்பாலும் உருளைக்கிழங்கிலிருந்தோ மக்காச்சோளத்திலிருந்தோ வருவது, இருந்தாலும் உறையைப் படிக்காமல் போடாதீர்கள். பனீர், ஹலூமி வகையெல்லாம் எவ்வளவு சூடு காட்டினாலும் உருகாது. அவை சிவக்கும், அவ்வளவுதான்.

## சீஸ் சாஸ் கெட்டுவிட்டது

துருவலுக்குப் பதிலாகச் சாஸ் ஊற்றுபவர்களுக்கு. மைதா இல்லாத சாஸுக்கு என் கணக்கு: பால் 240 மி.லி, கார்ன்ஃப்ளோர் 1 டேபிள்ஸ்பூன், சீஸ் 100 கிராம்.

கட்டி கட்டியாக: கார்ன்ஃப்ளோரைச் சூடான பாலில் கொட்டியிருப்பீர்கள். அதைக் கொஞ்சம் குளிர்ந்த பாலில் முதலில் கரைக்க வேண்டும். விழுந்த கட்டியை வடிகட்டலாம், கரைக்க முடியாது.

தண்ணீராகவே: கொதி வரவில்லை. கார்ன்ஃப்ளோர் ஏறக்குறைய கொதிநிலையில்தான் முழுக்கக் கெட்டியாகும். ஒரு நிமிடம் குமிழி விடவையுங்கள். கெட்டியாகி மறுபடி இளகினால் ரொம்ப நேரம் கொதித்தது அல்லது ரொம்பக் கிண்டியது காரணம்.

மணல் மணலாக: சீஸைக் கொதிக்கும் பாலில் போட்டது. அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, கை கையாகப் போட்டுக் கலக்குங்கள். மணலாகிவிட்ட சாஸில் ஒரு துண்டு பதப்படுத்திய சீஸைப் போட்டு மிதமான சூட்டில் கலக்கினால் பெரும்பாலும் திரும்பி வரும், அதில் கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கிற உப்புகள் உண்டு. சோர் கிரீம் சேர்ப்பதென்றால் கடைசியில், அடுப்பு அணைந்தபின்.

சாஸை வெந்த கிழங்கின்மேல் ஊற்ற வேண்டும். பச்சைத் துண்டைச் சாஸில் மூழ்கவைத்து ஏர் ஃப்ரையரில் வேகவிட்டால் மேலே ஆடை கருகும், அடியில் கிழங்கு கடிக்கும்.

## கசக்கிறது, அல்லது தொண்டையில் எரிச்சல்

பொடி கருகியதா என்று மேலே பார்த்தாயிற்று. அது இல்லையென்றால் கிழங்கைப் பாருங்கள். தோலுக்கடியில் பச்சை படர்ந்திருந்தால், நிறைய முளை விட்டிருந்தால், அதில் சொலனின் வகை நச்சு கூடியிருக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது அழியாது. சின்னப் பச்சைத் திட்டு என்றால் ஆழமாகச் சீவி எறியலாம். கிழங்கே பச்சையாக இருந்தால், அல்லது சமைத்தபின் கசந்தால், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். குழந்தைகள் சாப்பிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவரிடம் கிழங்கைப் பற்றியும் சொல்லுங்கள்.

## புகை

வெள்ளைப் புகை: கொழுப்பு கீழ்த்தட்டில் சொட்டிக் காய்கிறது. கருவியை நிறுத்தி, தட்டைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். எண்ணெய் 1 டேபிள்ஸ்பூனுக்கு மேல் போகிறதா என்றும் பாருங்கள். கூடையில் எண்ணெய் தேங்குவதால் மொறுமொறுப்பு கூடுவதில்லை.

காலியாக ஓட்டினாலும் புகை: கம்பிச்சுருளில் பழைய சீஸ். பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறியபின், கூடையை எடுத்துவிட்டு டார்ச் அடித்து மேலே பாருங்கள். சுருளுக்கு நடுவில் பழுப்பு நிறத்தில் கெட்டியான சொட்டுகள் தெரியும். மென்மையான பிரஷ்ஷால் தட்டி உதிர்த்து, சமையல் சோடா கலந்த ஈரத் துணியால் துடைத்து, வெறும் ஈரத் துணியால் இன்னொருமுறை துடையுங்கள். தண்ணீர் ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. நன்றாகக் காய்ந்தபின்தான் பிளக்கில் செருக வேண்டும்.

காகிதம் எரிகிற வாசனை: பேக்கிங் காகிதத்தை வெறுமனே வைத்து முன்சூடு செய்தால் விசிறி அதைத் தூக்கிக் கம்பிச்சுருளில் ஒட்டிவிடும். மேலே கனம் இல்லாமல் காகிதம் உள்ளே போகக் கூடாது.

கறும்புகை, அல்லது பிளாஸ்டிக், வயர் எரிகிற நெடி: பிளக்கைப் பிடுங்குங்கள். புகை அடங்கும்வரை கூடையை இழுக்காதீர்கள், காற்று பட்டால் தீ கிளம்பும். தண்ணீர் ஊற்றாதீர்கள். புகை அடங்காமல் தீ தெரிந்தால் வெளியேறித் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். உணவு கருகியதுதான் காரணம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் பழுதுபார்ப்பவர் பார்க்காமல் அந்தக் கருவியை மறுபடி ஓட்ட வேண்டாம்.

## கருவி ஓடவே இல்லை, அல்லது விசிறி சுற்றுகிறது சூடு இல்லை

கூடை முழுக்க உள்ளே போய் ‘கிளிக்’ என்று உட்கார்ந்ததா? உட்காராவிட்டால் பாதுகாப்பு சுவிட்ச் கருவியை ஓடவிடாது. கூடையின் விளிம்பில் உருகி இறுகிய சீஸ் ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே அது போதும், சுரண்டி எடுங்கள். அடுத்து வேறு பிளக் பாயின்ட்டில் செருகிப் பாருங்கள். ஏர் ஃப்ரையர்கள் பொதுவாக 1,400 முதல் 1,800 வாட் வரை இழுக்கும், நீட்டிப்பு வயரில் ஓட்டக் கூடாது. அதிகச் சூட்டால் தானே நின்றிருந்தால் அரைமணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் பிறகு விசிறி மட்டும் சுற்றினால், பிளக் தொட்டால் சுடுகிறது என்றால், ஓட்டும்போதெல்லாம் வீட்டு மின் சுவிட்ச் விழுகிறது என்றால் அதற்குமேல் நம் வேலை இல்லை. எலக்ட்ரீஷியனோ, கருவிக்கு உத்தரவாதம் கொடுத்த சேவை மையமோ பார்க்கட்டும்.

கூடையின் கறுப்புப் பூச்சு செதில் செதிலாக உரிந்தால் பழுதுபார்க்க வழியில்லை. கூடையை மட்டும் தனியாக வாங்கலாம். குளூட்டன் இல்லாமல் சமைப்பவர்களுக்கு அது இன்னொரு விதத்திலும் அவசியம், ஏனென்றால் உரிந்த இடத்தில் பழைய துகள் தங்கினால் கழுவிப் போகாது.

## எல்லாம் நன்றாக வந்தது, சாப்பிட்டபின் வயிறு சரியில்லை

மேலே உள்ளவற்றில் தப்பு நேர்ந்தால் ஒரு வேளைச் சாப்பாடு போகும். இங்கே தப்பினால் ஒரு ஆள் படுத்துவிடுவார். அதனால் நிதானமாக, ஒன்று விடாமல் பாருங்கள்.

முதலில் உறைகள். உருளைக்கிழங்கில் குளூட்டன் இல்லை. சாதாரணச் சீஸிலும் இல்லை. அது எப்போதும் பக்கத்தில் வருகிற ஏதோ ஒன்றில் ஒளிந்திருக்கும். அன்று பயன்படுத்திய ஒவ்வொரு உறையையும் மேசையில் எடுத்து வைத்துப் படியுங்கள். எனக்குப் பாடம் கற்றுத்தந்தது மேலே தூவிய கார்ன் ஃப்ளேக்ஸ். மக்காச்சோளம்தானே என்று நொறுக்கித் தூவினேன். மகளுக்கு அன்று இரவே வயிற்று வலி, மறுநாள் முழுக்கச் சோர்வு. குப்பையிலிருந்து உறையை எடுத்துப் படித்தபோது மூன்றாவது வரியில் ‘பார்லி மால்ட்’ என்று இருந்தது. சுவைக்காகச் சேர்ப்பது அது. இப்போது குளூட்டன் இல்லை என்று அச்சிட்டதை மட்டும்தான் வாங்குகிறேன்.

இதே மாதிரி ஒளிந்திருக்கும் இடங்கள்: டப்பாவில் வரும் கிரீம் சூப் (கெட்டிப்படுத்தக் கோதுமை மாவு), சீஸ் சாஸ் பொடி, சூப் கட்டிகள், மால்ட் வினிகர், சோயா சாஸ், மசாலாக் கலவைகள், மேல்பூச்சு தடவிய உறைந்த உருளைக்கிழங்கு. கார்ன்ஃப்ளோர் என்ற பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவில் கோதுமையிலிருந்து எடுத்த ஸ்டார்ச்சும் கார்ன்ஃப்ளோர் என்ற பெயரில் வருகிறது, மக்காச்சோளத்திலிருந்து என்று உறையில் இருக்கிறதா பாருங்கள். ‘கோதுமை இல்லை’ என்பதும் ‘குளூட்டன் இல்லை’ என்பதும் ஒன்றல்ல, முதல் வகையில் பார்லியோ ரையோ இருக்கலாம். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸின்படி ‘குளூட்டன் இல்லை’ என்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

அடுத்து கருவி. அதே ஏர் ஃப்ரையரில் ரொட்டித் தூள் தடவிய பண்டமோ, கோதுமை ரொட்டியோ வேறு யாராவது செய்தார்களா? விசிறி ஒவ்வொரு தடவையும் துகள்களைக் கிளப்பி மேலே கம்பிச்சுருளுக்கும் விசிறிக் கூண்டுக்கும் அனுப்புகிறது. அடுத்த சமையலில் அவை கீழே விழும். கூடையைத் தேய்த்துக் கழுவினாலும் மேலே இருப்பது மேலேயே இருக்கும். காகிதம் விரிப்பது கீழிருந்து ஒட்டுவதைத்தான் தடுக்கும், மேலிருந்து விழுவதைத் தடுக்காது. 200 டிகிரிச் சூட்டில் குளூட்டன் அழிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், அது உண்மையில்லை. சீலியாக் உள்ளவருக்கென்று தனிக் கருவி வைப்பதுதான் என் முடிவான கருத்து. செலவு என்றாலும் எங்கள் வீட்டில் அதுதான் பிரச்சினையை நிறுத்தியது. தனிக் கருவி உடனே முடியாது என்றால், இருக்கும் கருவியில் கோதுமைப் பண்டங்கள் செய்வதை அடியோடு நிறுத்தி, மேற்பகுதியையும் முழுக்கச் சுத்தம் செய்தபின் அதை அவருக்கென்று ஒதுக்குங்கள்.

பிறகு கையும் கரண்டியும். மரக் கரண்டி, மாவு பட்ட எண்ணெய் பிரஷ், ரொட்டித் துகள் ஒட்டிய வெண்ணெய் டப்பா, சீஸ் துருவி. துருவியின் ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

இதெல்லாம் சுத்தம் என்றால் பாலைச் சந்தேகியுங்கள். சீலியாக் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்குச் சிறுகுடல் ஆறும்வரை பால் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காமல் போவது உண்டு. உப்புசம், வாயு, வயிற்றுப்போக்கு எல்லாம் குளூட்டன் பட்டது போலவே இருக்கும். வீட்டில் ஒரு சோதனை: பால் சாஸை விட்டுவிட்டு, நாள்பட்ட செடாரை மட்டும் போட்டு அடுத்த முறை செய்யுங்கள். நாள்பட்ட சீஸில் லாக்டோஸ் மிகக் குறைவு. அப்போது தொந்தரவு இல்லையென்றால் காரணம் பாலாக இருக்க வாய்ப்பு அதிகம். நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் கரண்டி கரண்டியாகக் கழுவிக்கொண்டிருந்தோம், கடைசியில் காரணம் வெள்ளைச் சாஸ்தான். குடல் ஆறியபின் மகளுக்குப் பாலும் ஒத்துக்கொண்டது.

எப்போது மருத்துவர். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு, முகம் வீங்கினால், உடலெங்கும் தடிப்பு வந்தால், மூச்சு வாங்கினால் அது சீலியாக் அல்ல, ஒவ்வாமை. காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். உறையும் கருவியும் சுத்தமாக இருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, எடை குறைவு, இரத்தசோகை, குழந்தையின் வளர்ச்சி நிற்பது என்று இருந்தால் குடல் மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் யாருக்காவது சீலியாக் இருக்குமோ என்று சந்தேகம் மட்டும் இருந்தால், கோதுமையை நீங்களாக நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். சீலியாக்குக்கான டிடிஜி (tTG) என்ற இரத்தப் பரிசோதனையும் சிறுகுடல் திசுப் பரிசோதனையும், அவர் வழக்கம்போல் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியான முடிவைக் காட்டும். முடிவு கைக்கு வந்து மருத்துவர் சொன்னபின் கோதுமையை நிறுத்திக்கொள்ளலாம்.